ஜேர்மன் பலகை

ஜேர்மனியிலிருந்து மகன் அனுப்பிய பார்சலைப் பிரிக்கும்போது அப்புத்துரையின் மனதில் ஒரு ரேடியோ இருந்தது. ரேடியோ இல்லாவிட்டாலும் ஒரு டோர்ச் லைற்றாவது இருக்கும் என்று நம்பினார். உள்ளே இருந்து வந்ததோ ஒரு சேலை, வாசச் சவுக்காரம், செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை. பலகையின் நடுவே சாய்வாக ஒரு மெல்லிய அலகு பதித்திருந்தது. அதோடு கூட, அடியில் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன மூடி. வழியில் யாரோ பெட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு எறிந்திருந்தார்கள். அதனால் இது என்ன, எதற்கு என்று சொல்ல ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

"உடுப்புத் தோய்க்கிற பலகையாக்கும்" என்றாள் மனைவி இலட்சுமிப்பிள்ளை.

"விசர்க்கதை கதைக்காதையும். தோய்க்கிற பலகைக்கு ஏன் கத்தி?"

மகன் குலவீரசிங்கம், எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பு வேலையை விட்டு, உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்தவன். தீவுக் கிராமமான சரவணையில் ஒரு வருடம் வேலையில்லாமல் குந்தியிருந்துவிட்டு ஜேர்மனிக்குப் போனான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. அந்தக் குசினியில் தினமும் பார்க்கிற சாமான் என்பதால், அது ஊரில் எவருக்கும் விளங்காது என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லைப் போலும்.

அப்புத்துரை புகையிலைத் தோட்டக்காரர். ஆனால் கை சும்மா இராத மனிதர். தண்ணீர் இறைக்கிற மெசின் நின்றுவிட்டால் பக்கத்து ஊர்க்காரரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கழற்றுவதில் சூரர், திருப்பிப் பூட்டும்போதுதான் ஒன்றிரண்டு ஆணி மிஞ்சிவிடும். பலகையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தவர், ஒரு கத்தரிக்காயை எடுத்து அதன்மேல் தேய்த்தார். அடியால் கடதாசி போல ஒரு வட்டம் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அதோடு மனிதர் விழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து குசினியில் அவருக்கு ஒரு பலகைக்கட்டை ஆசனம். வெங்காயம், வாழைக்காய், உருளைக்கிழங்கு, அவித்த பனங்கிழங்கு, எது அகப்பட்டாலும் சீவினார். பாவற்காயில்தான் அவருக்கு உயிர். அது மெல்லிசாக இருந்தால்தான் பொரியும்போது மொறுமொறுவென்று வரும். ஒரு வட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். "இஞ்சாரும், இதுக்குள்ளாலை உம்மடை முகம் தெரியுது. வடிவாத்தான் இருக்கிறீர்" என்பார். கலியாணம் செய்து இருபத்தைந்து வருடத்தில் அவர் அவளை வடிவு என்று சொன்னது அந்தப் பாவற்காய் ஓட்டைக்குள்ளால் பார்த்துத்தான்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? "அப்புத்துரை தோட்டத்தை வித்துப்போட்டுக் குசினிக்குள்ளை குடிபூந்திட்டார்" என்று பகிடி பண்ணினார்கள். பகிடி பண்ணியவர்களின் வீட்டுப் பெண்களே, நல்லநாள் பெருநாள் என்றால் காய்கறிப் பெட்டியோடு வந்து நின்றார்கள். பலகைக்கு "ஜேர்மன் பலகை" என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அந்த முள்ளு மூடிதான் புரியாத புதிராகக் கிடந்தது. அப்புத்துரை நாலு நாள் யோசித்தார். பிறகு ஒருநாள், மோர்மிளகாய் போடுவதற்காக மனைவி ஒவ்வொரு மிளகாயாக எடுத்து முள்ளால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்குத்தான் அனுப்பியிருக்கிறான்! கெட்டிக்காரன்!" என்று மூடியை எடுத்து மிளகாய்க் குவியல்மேல் அழுத்தினார். ஒரே அமுக்கில் ஏழெட்டு மிளகாயில் ஓட்டை. ஜேர்மன்காரனுக்கு மோர்மிளகாய் எதற்கு என்று கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அன்றிலிருந்து மூடி மிளகாய்க்கு, பலகை காய்க்கு என்று ஆகிவிட்டது.

இலட்சுமிப்பிள்ளை எவ்வளவோ சொன்னாள், கடைசித் துண்டை விட்டுவிடச் சொல்லி. அவர் கேட்பாரா? தோட்டக்காரன் கை, ஒரு துண்டும் வீணாகப் போகக்கூடாது. ஒருநாள் பாவற்காயின் அடிக்கட்டையைத் தேய்க்கும்போது அது வழுக்கியது. வலக்கை மோதிர விரலின் நுனி, நகத்தின் பாதியோடு, பென்சில் சீவினதுபோலச் சாய்வாகப் போய்விட்டது. சீவிய பாவற்காய் எல்லாம் இரத்தம். அவள் கத்திய கத்தில் அயலெல்லாம் கூடிவிட்டது. அவர் மட்டும் விரலைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெட்டுப்பட்ட துண்டு எங்கே என்று தேடினார். கண்டெடுத்து, வாழையிலைக் கிழிசலில் சுற்றி, கிணற்றடித் தேசி எலுமிச்சையின் கீழே கிண்டிப் புதைத்துவிட்டுத்தான் மருந்து கட்டப் போனார்.

"இஞ்சாரும், நான் கொஞ்சம் முந்திப் போயிட்டன். மிச்சம் ஆறுதலா வரும்."

அயலவர்கள் சிரித்தார்கள். இலட்சுமிப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. மனிதருக்கு வாயில் சனி என்று மனதுக்குள் திட்டினாள்.

நடந்ததைக் கேள்விப்பட்டு மகன் பதறி எழுதினான். அந்த முள்ளு மூடியால் காயைக் குத்திப் பிடித்துத்தான் சீவ வேண்டுமாம். கை வைக்கவே கூடாதாம். அப்புத்துரை கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றார். காயம் ஆறியபோது விரல் குட்டையாகவும் சாய்வாகவும் நின்றது. நகம் பாதியோடு, ஒருபக்கம் வளைந்து வளர்ந்தது. சோறு குழைக்கும்போது அந்த விரல் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்து அவள் பலநாள் மனதுக்குள் நொந்திருக்கிறாள்.

ஆடி அமாவாசை வந்தால் அந்தப் பலகைக்கு ஓய்வே இல்லை. அது தகப்பனை இழந்தவர்களின் நாள். தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமியான பறுவம், தகப்பனுக்கு ஆடி அமாவாசை. பிள்ளை கடலில் தீர்த்தமாடி, தகப்பன் பெயரில் படைத்து, ஒருபொழுது சாப்பிடவேண்டும். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை அந்த விரதத்தை நினைக்கவும் கூடாது. அது தகப்பனைச் சாகச் சொல்லுகிற வேலை. அன்றைய கறிகளில் காத்தோட்டிக்காய் இல்லாமல் முடியாது. முள்ளுப் பற்றைகளில் காய்க்கிற சின்னக் கைப்புக்காய், வருடத்தில் அன்றைக்குத்தான் அதைத் தேடுவார்கள். அது கிடைக்காதவர்கள் பாவற்காயோடு சமாளிப்பார்கள். முந்தின நாள் அயலட்டைப் பெண்கள் எல்லாம் இலட்சுமிப்பிள்ளையின் குசினிக்கு வருவார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆடியிலும் வந்தார்கள். அப்புத்துரையும் அந்த முறை தன் தகப்பனுக்கு விரதம் பிடித்து, காத்தோட்டிக்காய்ப் பொரியலை மொறுமொறுவென்று கடித்துச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம், ஆவணியில், அவங்கள் வந்தார்கள்.

யார் என்று பெயர் சொல்லிப் பேச அந்த ஊரில் இன்றும் யாருக்கும் வாய் வராது. "அவங்கள்" என்றால் எல்லோருக்கும் விளங்கும். வெடிச்சத்தம் கடலோரத்தால் நெருங்கி வர, சனம் கையில் அகப்பட்டதோடு கோயிலுக்கு ஓடியது. அங்கே வைத்து ஆண்களை வேறாக்கினார்கள். அயல்வீட்டுத் தம்பையாவுக்குக் காலில் ஊனம். அவனை விட்டுவிட்டு அவன் தகப்பனைப் பிடித்தார்கள். அப்புத்துரையையும் பிடித்தார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். வரிசையில் போகும்போது அப்புத்துரை திரும்பிப் பார்த்தார்.

"முத்தத்திலை பாவக்காய் வத்தல் காயுது. மழை இருட்டுது. எடுத்து வையும்."

அவ்வளவுதான். மனைவியிடம் அவர் கடைசியாகச் சொன்னது வத்தலைப் பற்றி. அவளை வீட்டுக்குத் திரும்ப விட்டபோது மழை பெய்து முடிந்திருந்தது. வத்தல் பாயில் ஊறிக் கறுத்துப்போய்க் கிடந்தது. அவர் கடைசியாகச் சொன்ன ஒரு வேலையைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று அந்தப் பாயின் முன்னால் குந்தியிருந்து அழுதாள்.

பிறகு அந்தத் தீவில் மனிதர் இருந்ததே பெரிய காரியம். அடுத்தடுத்த வருடங்களில் ஊரில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணப் பக்கம் வெளிக்கிட்டுவிட்டார்கள். சொந்தக்காரர் வந்து இலட்சுமிப்பிள்ளையையும் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. "அந்தாள் வரேக்கை வீடு பூட்டிக் கிடக்கப்படாது" என்றாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி, மத்தியானத்தில் இரண்டு பேருக்குச் சமையல். ஒரு கோப்பைச் சோறு மூடி வைத்திருக்கும். பின்னேரம் அதைக் காகத்துக்குப் போடமாட்டாள். காகத்துக்குச் சோறு வைப்பது செத்தவர்களை நினைத்து. நாய்க்குப் போட்டாள்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று திரிகிற ஆட்களுக்கு அந்தக் காலத்தில் குறைவில்லை. ஒருவன் வந்து, தெற்கே ஒரு முகாமில் அப்புத்துரையைக் கண்டதாகச் சொல்லி அவளுடைய காதுத் தோட்டை வாங்கிக்கொண்டு போனான்; போனவன் போனவன்தான். சாத்திரி ஒருத்தர், ஆள் கடல் தாண்டி இருக்கிறார், தை பிறக்க வருவார் என்றார். தை பலமுறை பிறந்தது. ஏமாந்து ஏமாந்து அவளுக்கும் ஒரு புத்தி வந்தது. யார் வந்து "கண்டனான்" என்று சொன்னாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"கண்டனீரோ? அப்ப அவற்றை கையிலை என்ன அடையாளம்?"

ஒருவன் மோதிரம் என்றான். இன்னொருவன் மணிக்கூடு என்றான். வேறொருவன் பச்சை குத்தியிருந்தது என்று துணிந்து சொன்னான். விரலை ஒருவனும் சொல்லவில்லை. அயலவர்களுக்கு அந்த விரல் தெரியும். வெளியிலிருந்து வருகிற புளுகர்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவனும் தோற்றுப்போகும்போது அவளுக்கு உள்ளே கொஞ்சம் ஆறுதலாகவே இருக்கும். பொய்க்காரனைப் பிடித்துவிட்டோம் என்ற ஆறுதல் என்று நினைத்துக்கொண்டாள். நான் சொல்லுகிறேன், அது அந்த ஆறுதல் இல்லை. உண்மை வராதவரைக்கும் மனிதர் உயிரோடு இருப்பார் அல்லவா?

மகனை மட்டும் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. வருடா வருடம் ஆடி நெருங்க, கொழும்பால் சுற்றிக்கொண்டு அவனிடமிருந்து ஒரே கேள்வி வரும்: அம்மா, நான் விரதம் பிடிக்கிறதோ, விடுகிறதோ? அவன் பாவம், அந்தக் குளிர் நாட்டில் இரண்டு பயத்துக்கு நடுவில் நின்றான். தகப்பன் இறந்திருந்தால் பிடிக்காதது பாவம். இருந்தால் பிடிப்பது அதைவிடப் பெரிய பாவம். கொள்ளி வைக்க உடலும் இல்லை, திதி கொடுக்க நாளும் இல்லை. வருடா வருடம் அவள், "கொப்பர் இருக்கிறார். நீ பிடியாதை" என்று சொல்லி அனுப்பினாள். சொல்லி அனுப்பிய அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பெற்ற பிள்ளையைப் பாவத்தில் இறக்குகிறேனோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மகனுக்குச் சரியான பதிலைச் சொல்லவேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த வேலை.

பலகை மட்டும் ஆடிக்கு ஆடி வேலை செய்தது. முன்பெல்லாம் தலைநரைத்த ஆண்களுக்காகத்தான் காத்தோட்டிக்காய் சீவுவார்கள். இப்போது ஊரில் மிஞ்சியிருந்த கொஞ்சச் சனத்திலும் விரதக்காரர் கூடிப்போனார்கள். பல் விழுந்து முளைக்காத பையன்களுக்கும் சேர்த்துச் சீவவேண்டியிருந்தது. இலட்சுமிப்பிள்ளை எல்லோருடைய காயையும் சீவிக் கொடுப்பாள். தன் வீட்டுச் சட்டியில் அதில் ஒரு வட்டம் விழ விடமாட்டாள். சீவி முடிந்ததும் பலகையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, அந்தக் கைப்பு வீட்டில் தங்காதபடிக்கு வெயிலில் சாத்திவிடுவாள்.

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் அவளோடு கூடச் சீவ வந்தவள் ஞானசவுந்தரி. கால் ஊனமான தம்பையாவைக் கட்டி அந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவள். தம்பையா தன் தகப்பனுக்கு இரண்டாம் வருடத்திலேயே விரதம் தொடங்கிவிட்டான். கோயிலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று அவன் மனதில் எப்போதோ முடிவாகிவிட்டது. அதற்காக இலட்சுமிப்பிள்ளை அவனோடு சிலகாலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மத்தியானத்துக்கு முந்தி, மீன்கார எமிலியானுஸ் படலையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தான். அதே தீவில் கரம்பொன் பக்கத்துக் கத்தோலிக்கன், நாற்பது வயதிருக்கும். இந்த இரண்டு வருடமாகச் சரவணைக்கு மீன் கொண்டுவருகிறவன். வேதக்காரன் என்றாலும் சைவர்களின் விரதநாள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மீன் விற்கிறவனுக்கு அது தெரியாமல் தொழில் செய்ய முடியுமா? அமாவாசைக்கு மீன் ஓடாது என்பதால், கரையோரப் பற்றைகளில் காத்தோட்டிக்காய் பிடுங்கிக் கடகத்தில் கொண்டுவந்திருந்தான். கையெல்லாம் முள்ளுக் கீறல்.

"அக்கா, இந்த முறை காய் கொஞ்சம் சின்னன். மழை இல்லையெல்லே."

"இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போம், எமிலியானுஸ்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

அவன் குசினி வாசல்படியில் இருந்தான். உள்ளே ஞானசவுந்தரி, முள்ளு மூடியைத் தள்ளி வைத்துவிட்டு, வெறுங்கையால் காயைப் பிடித்து வேகமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளம் பிள்ளை, அவசரம். இலட்சுமிப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது.

"எடி, மூடியாலை பிடியடி! உது பலகையில்லை, பேய். என்ரை மனிசன்ரை விரலைத் திண்டது உதுதான்."

"மெய்யே மாமி? விரல் முழுக்கவோ?"

"நுனி. நகத்தோடை போட்டுது."

வாசல்படியில் இருந்தவன் தண்ணீர்ச் செம்பை வாய்க்குக் கொண்டுபோய், அப்படியே பிடித்தபடி இருந்தான்.

"எந்தக் கை, அக்கா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். இலட்சுமிப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செம்பைக் கீழே வைத்தான். தண்ணீர் குடிக்கவில்லை. "நான் வாறன்" என்று எழும்பி, கடகத்தையும் எடுக்காமல் படலையை நோக்கி நடந்தான்.

அவள் எழுந்து பின்னால் போனாள். ஒழுங்கையில், சைக்கிளில் ஏறப்போனவனை மறித்து நின்றாள்.

"ஏன் கேட்டனீர்?"

"சும்மா கேட்டனான் அக்கா."

"சும்மா கேக்கிற முகம் இல்லை உது. நில்லும்."

அவன் சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒழுங்கையில் வேறு யாரும் இல்லை. எந்தக் கை என்று அவன் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கவில்லை. அது அவளுக்கு நினைவிருந்தது. இத்தனை பொய்க்காரரைத் தோற்கடித்த கேள்வியை அவள் இவனிடமும் கேட்கவேண்டும். கேட்காமலும் விடலாம். கேட்காமல் விட்டால் நாளைக்கும் கோப்பையில் சோறு மூடி வைக்கலாம். எமிலியானுஸ் மீன் கொண்டுவருவான், வருடங்கள் போகும். ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிடுவோமா என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மகனின் கேள்வி நினைவுக்கு வந்தது.

"எந்தக் கை எண்டு நீர் சொல்லும்" என்றாள்.

"அக்கா..."

"சொல்லும்."

"வலக்கை" என்றான். "மோதிர விரல். சாய்வா... நகம் ஒரு பக்கம் வளைஞ்சு."

அவள் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவங்கள் வந்த அன்று அவனையும் இன்னும் சிலரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் மண்வெட்டி கொடுத்தார்களாம். கிடங்கு வெட்டச் சொன்னார்களாம். பிறகு கிடந்தவர்களை அதற்குள் தூக்கி வைக்கச் சொன்னார்களாம். முகங்களைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கைகளைத்தான் பார்த்தான். கடைசியாக வைத்தவரின் கை மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"அந்த விரலைக் கண்டனான். மடிச்சு நெஞ்சிலை வைச்சுவிட்டனான். எங்கடை செபம் ஒண்டு சொன்னனான், மனசுக்குள்ளை. வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது." அவன் அழுதுகொண்டிருந்தான். "வெளியிலை கதைச்சால் எங்களுக்கும் அதுதான் எண்டவங்கள். அதோடை, பேர் தெரியாத ஆளை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது, அக்கா? இரண்டு வருசமா உங்கடை வாசலிலை மீன் நிறுத்திருக்கிறன். எனக்குத் தெரியாதே..."

"எப்ப?" என்றாள். "எத்தினை நாளுக்குப் பிறகு?"

"பிறகெல்லாம் இல்லை. அண்டைக்குப் பின்னேரமே."

அன்றைக்குப் பின்னேரமே. முற்றத்தில் வத்தல் ஊறிக்கொண்டிருந்த அதே பின்னேரம். காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தபோது, சாத்திரியின் காலில் விழுந்தபோது, ஒவ்வொரு மத்தியானமும் சோற்றுக் கோப்பையை மூடி வைத்தபோது, அந்த மனிதர் மண்ணுக்குள் இருந்திருக்கிறார். அத்தனை சோறும் நாய்க்கு. ஒரு பிடி காகத்துக்குப் போட்டிருந்தாலாவது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஐயோ என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஒழுங்கையில் நின்று கத்தினால் இந்த மனிதனுக்கு ஆபத்து. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"செபம் சொன்னனீரெல்லே?"

"ஓம் அக்கா."

"அது காணும். நாங்கள் ஒருத்தரும் பக்கத்திலை இல்லாத நேரம் நீர் நிண்டிருக்கிறீர். நீர் போம். இதை வேறை ஆருக்கும் சொல்லாதையும். உமக்கும் பிள்ளையள் இருக்கு."

அவன் போனபிறகு அவள் குசினிக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போனாள். தேசிமரம் நன்றாக வளர்ந்து, காயும் பிஞ்சுமாக நின்றது. அதன் அடியில் குந்தினாள். கொஞ்சம் முந்திப் போயிட்டன், மிச்சம் ஆறுதலா வரும் என்றாரே பாவி மனிதர், மிச்சம் வரவே இல்லை. இந்த வளவில் அவருடையது என்று கிடப்பது இந்த ஒரு துண்டுதான்.

அந்த மூடி எதற்கென்று அன்றைக்கே தெரிந்திருந்தால் விரல் முழுசாக இருந்திருக்கும். விரல் முழுசாக இருந்திருந்தால் எமிலியானுஸுக்கு அந்தக் கையும் மற்றக் கைகளில் ஒன்று. அவளும் சாகும்வரை படலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். மோர்மிளகாய்க்கு என்று நினைத்த பைத்தியக்காரத்தனம்தான் அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. இதற்கு அழுவதா, கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையால் மண்ணைக் கிளறி ஒரு பிடி எடுத்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பிறகு கிணற்றில் தண்ணீர் அள்ளி முகத்தைத் தேய்த்துக் கழுவினாள்.

அவள் உள்ளே வந்தபோது ஞானசவுந்தரி நிமிர்ந்து அவள் நெற்றியைப் பார்த்தாள். பொட்டு இல்லை. கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இலட்சுமிப்பிள்ளை பலகையைத் தன் பக்கம் இழுத்து, மூடியில் ஒரு காத்தோட்டிக்காயைக் குத்தி, சீவத் தொடங்கினாள். எல்லா வீட்டுப் பங்கையும் சீவி முடித்தபிறகு, எமிலியானுஸ் விட்டுப்போன கடகத்திலிருந்து இன்னும் ஒரு பிடி அள்ளிச் சீவி, அதைத் தன் சட்டியில் போட்டாள்.

அடுத்த நாள் ஊர் கடலுக்குத் தீர்த்தமாடப் போனபோது அவளும் போனாள். எல்லோரும் மூழ்கி எழும்பும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள். மண் கரைந்து போக ஒரு கணமும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சோற்றோடு அந்தப் பொரியலில் கொஞ்சம் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். உடனே வந்தது. இத்தனை காலமும் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட்டது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தம்பையாவும் ஞானசவுந்தரியும் வந்து பக்கத்தில் இருக்கும்வரை அழுதாள்.

அந்தக் கிழமை கொழும்புக்குப் போக ஒரு ஆள் கிடைத்தது. இலட்சுமிப்பிள்ளைக்கு எழுத வராது, தம்பையாதான் எழுதுவான். கடதாசியை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"என்ன எழுத, மாமி? வழக்கம்போல, கொப்பர் இருக்கிறார் எண்டோ?"

"இல்லை" என்றாள். "வாற ஆடி அமாவாசைக்கு நீ விரதம் பிடி எண்டு எழுது."

தம்பையா அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். எழுதி முடித்து, வேறென்ன என்று மெதுவாகக் கேட்டான். அவள் குசினிப்பக்கம் பார்த்தாள். பலகையைச் சீவி முடிந்த அன்றைக்கே கழுவி வெயிலில் சாத்தியிருக்கவேண்டும். இந்த முறை சாத்தவில்லை.

"உங்கை காத்தோட்டிக்காய் கிடையாது, பாவக்காய் போதும் எண்டு எழுது. கொப்பருக்கு மெல்லிசாச் சீவினாத்தான் பிடிக்கும் எண்டு எழுது. மூடியாலை பிடிச்சுச் சீவச் சொல்லு. கை கவனம் எண்டு எழுது."